கப்பல் நமக்காக நிக்குமா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். இன்னிக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. வரலாறுன்னதும் எந்த ராஜா எத்தனை ஏரி வெட்டினார்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். சொகுசுக் கப்பல்ல டூர் போறவங்க, கப்பல் வரைக்கும் போற விமான டிக்கெட்டையும் முந்தின நாள் ஓட்டலையும் தாங்களே போட்டுக்கணுமா, இல்லை கப்பல் கம்பெனி கையிலயே மொத்தமா குடுத்துடணுமா? இந்தக் கேள்வியோட வரலாறுதான் இது. 'இதுக்கெல்லாமாய்யா வரலாறு'ன்னு கேக்குறவங்க முதல்ல என் கதையைக் கேளுங்க. சொந்தக் காசு குடுத்துப் படிச்ச பாடம் :-)

கொசுவத்தியைச் சுத்துறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜனவரி. அப்பாவும் அம்மாவும் ஊர்ல இருந்து எங்க வீட்டுக்கு, ஒஹாயோவுல இருக்குற கொலம்பஸுக்கு வந்திருந்தாங்க. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்துல முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தா. எந்தக் கப்பல் வந்துச்சு, எது போச்சு, எத்தனை டன் இறங்குச்சுன்னு பேரேட்டுல எழுதியே ரிட்டையர் ஆனவர். ஆனா பயணிகள் கப்பல்ல ஒரு தடவைகூட கால் வெச்சதில்லை. சரி, இந்தத் தடவை கூட்டிட்டுப் போயிடுவோம்னு மயாமியில கிளம்புற நாலு ராத்திரிக் கப்பல் ஒண்ணுல நாலு பேருக்கு இடம் போட்டேன். முதல் நிறுத்தம் ஃப்ளோரிடாவோட தென்கோடியில இருக்குற கீ வெஸ்ட். அடுத்து மெக்சிகோவோட கோஸுமெல் தீவு. அப்புறம் திரும்ப மயாமி.

கப்பல்காரங்க விமானமும் நாங்களே போட்டுத் தர்றோம்னாங்க. விலையைப் பார்த்தேன். நானே இணையத்துல தேடினா ஆளுக்கு 130 டாலர் குறைவு. நாலு பேருக்கு 520. காலையில கிளம்பி மத்தியானம் மயாமி, சாயங்காலம் கப்பல். முந்தின நாள் ஓட்டல் செலவும் மிச்சம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன். அப்பா மட்டும், "ஏல, மொத நாளே போயிருவோமே. கப்பல்லா அது"ன்னார். எக்மோர்ல ராத்திரி எட்டு மணி வண்டிக்கு அஞ்சரைக்கே போய் உக்காருற மனுஷன், இவர் பேச்சைக் கேட்டா ஆகுமான்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

அன்னிக்குக் காலையில கொலம்பஸ்ல பனி. விமான இறக்கையில உறைஞ்ச பனியை மருந்தடிச்சுக் கரைக்குறதுக்கே ரெண்டு மணி நேரம். வழியில மாற வேண்டிய விமானம் போயிடுச்சு. அடுத்ததுல தொத்தி, டாக்ஸி பிடிச்சு, துறைமுகத்துல இறங்கும்போது பதிவு முடிஞ்சு ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. கப்பல் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா ஏற முடியாது.

கவுன்ட்டர்ல இருந்த அம்மா நல்ல மாதிரி. "நாளைக்குக் காலையில கீ வெஸ்ட் வரும்ல, கார்ல போய் அங்க ஏறிக்கிறோமே"ன்னு கெஞ்சினேன். "முடியாது சார், 1886-ல போட்ட சட்டம் ஒண்ணு விடாது"ன்னாங்க. கோஸுமெல்லுக்கு நாங்களே விமானம் பிடிச்சுப் போனா ஏத்திக்க முயற்சி பண்ணலாமாம். நாலு பேருக்கு அந்த டிக்கெட் விலையைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துடுச்சு. கப்பல் ஊதிட்டுக் கிளம்புச்சு. அப்பா வேலி ஓரமா நின்னு கண்ணு மறையுற வரைக்கும் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டலை. "நல்ல கப்பல்தான், என்னா"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

பணம் திரும்பி வரலை. இன்ஷூரன்ஸும் எடுத்திருக்கலை. வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி மண்டையைக் குடைஞ்சுது. 1886-க்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம்? தோண்ட ஆரம்பிச்சேன்.

அந்தச் சட்டம் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்குற கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்துல ஆளை ஏத்தி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துல இறக்கி விடக் கூடாது. உள்நாட்டுக் கப்பல்காரங்க பிழைப்பைக் காப்பாத்தப் போட்டது. நடுவுல தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்ணைத் தொட்டா விலக்கு உண்டு. ஆனா மெக்சிகோவும் கரீபியன்ல பெரும்பாலான தீவுகளும் 'பக்கத்து ஊர்' கணக்குல வந்துடும். மயாமியில ஏறி மயாமியில இறங்குனா தப்பில்லை. கீ வெஸ்ட்ல ஏறி மயாமியில இறங்குனா ரெண்டு வேற துறைமுகம், கப்பலுக்கு அபராதம். இன்னிக்கு அங்க ஓடுற பெரிய சொகுசுக் கப்பல்கள் அநேகமா எல்லாமே பஹாமாஸ், பனாமான்னு வெளிநாட்டுக் கொடிதான். ஆக, கப்பல் கம்பெனியே எனக்கு விமானம் போட்டுக் குடுத்திருந்தாலும் கீ வெஸ்ட்ல ஏத்தியிருக்க முடியாது!

அப்போதான் உறைச்சுது. இந்த விவகாரம் டிக்கெட் விலையைப் பத்தினதே இல்லை. வீட்டு வாசலுக்கும் கப்பல் படிக்கட்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குல்ல, அது யார் பொறுப்பு? நூத்தி எண்பது வருஷமா மாறி மாறி நடக்குற இழுபறி அது.

1840-கள்ல லண்டன்ல இருந்து மெட்ராஸ் வரணும்னா பாருங்க. சூயஸ் கால்வாய் கிடையாது, அது 1869-லதான் வந்தது. பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்ல அலெக்சாண்ட்ரியா வரைக்கும் வரணும். அங்க கால்வாய்ப் படகு. அப்புறம் நைல் நதியில நீராவிப் படகு, கெய்ரோ. அங்க இருந்து சூயஸ் வரைக்கும் பாலைவனத்துல குதிரை வண்டி. சூயஸ்ல வேறொரு கப்பல். 1842-ல 'ஹிந்துஸ்தான்'ங்குற கப்பலை பி அண்ட் ஓ இந்தப் பக்கம் அனுப்பி, சூயஸ் – கல்கத்தா வழியை ஆரம்பிச்சுது. வழியில காலியும் மெட்ராஸும் உண்டு. எகிப்து வழியை நிலைநிறுத்தப் போராடுன தாமஸ் வாக்ஹார்ன் மாதிரி தனி ஆட்கள் பாலைவனத்துல வண்டியும் தங்குமிடமும் நடத்தினாங்க. கடல்ல ஒருத்தர், நதியில ஒருத்தர், மணல்ல ஒருத்தர். இன்னிக்கு நாம 'கனெக்‌ஷன்'னு சொல்றோமே, அதோட கொள்ளுத்தாத்தா இதுதான்.

வேலை நிமித்தம் போனவங்க கதை இது. சும்மா ஊர் சுத்தப் போனவங்க? 1844-ல எழுத்தாளர் தாக்கரேயை பி அண்ட் ஓ ஓசியிலயே மத்தியதரைக் கடல் சுத்திக் காட்டுச்சு. அவர் திரும்பி வந்து அதைப் புத்தகமா எழுதினார். (ஓசிப் பயணம், பதிலுக்கு விமரிசனம். நம்மாளுங்க கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!) 1867-ல நியூயார்க்ல இருந்து 'குவேக்கர் சிட்டி'ங்குற கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் உல்லாசப் பயணம் கிளம்புச்சு. கட்டணம் ஆளுக்கு 1250 டாலர். மார்க் ட்வைன் அதுல போனவர். அதோட விளம்பர அறிக்கையில தெளிவா இருக்கு: கரையில ஆகுற செலவுக்கு நாளைக்கு அஞ்சு டாலர் தங்கமா வெச்சுக்கணும். அதாவது கப்பல் எங்க பொறுப்பு, ஓட்டலும் ரயிலும் உங்க பாடு. ட்வைன் மார்சேய்ல இறங்கி, ரயில் ஏறி, பாரிஸ் கண்காட்சியைப் பார்த்துட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். 'நானே புக் பண்ணிக்கிறேன்' சங்கத்தோட மூத்த உறுப்பினர்னு அவரைச் சொல்லலாம்.

அதே சமயத்துல இங்கிலாந்துல தாமஸ் குக் எதிர்த்திசையில போய்க்கிட்டு இருந்தார். 1841 ஜூலை 5-ம் தேதி லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுக்கு, ஆளுக்கு ஒரு ஷில்லிங்னு சுமார் 500 பேரை ரயில்ல கூட்டிட்டுப் போனதுல ஆரம்பிச்சவர். 1868-ல ஓட்டல் கூப்பன் கொண்டு வந்தார். ஊர்லயே காசு கட்டிக் கூப்பன் வாங்கிட்டா போதும், பாஷை தெரியாத ஊர்ல பேரம் பேச வேண்டாம். குக் வித்தது ஓட்டல் அறையை இல்லை. நம்ம கவலையை விலைக்கு வாங்கிக்கிட்டார். நான் கட்ட மறுத்த 520 டாலரும் அதே சரக்குதான்னு எனக்கு அப்போ தெரியலை.

பெரிய கப்பல் காலத்துல இந்த இடைவெளியை ரயில் அடைச்சுது. 'போட் ட்ரெய்ன்' வந்து கப்பல் பக்கத்துலயே நிக்கும். 1912 ஏப்ரல் 10-ம் தேதி டைட்டானிக் பயணிகளும் லண்டன் வாட்டர்லூ நிலையத்துல இருந்து அப்படித்தான் சவுத்தாம்ப்டன் வந்தாங்க. ஆனா அந்தக் கப்பல் கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மே பண்ணது என்ன தெரியுமா? முதல் நாளே சவுத்தாம்ப்டன் வந்து சவுத் வெஸ்டர்ன் ஓட்டல்ல தங்கிட்டார். கப்பல் முதலாளியே முதல் நாள் வந்துட்டார், நான் அன்னிக்கு மத்தியானம் போயிருக்கேன். என்னத்தைச் சொல்ல.

போட் ட்ரெய்ன்னதும் நம்மூர் போட் மெயில் ஞாபகம் வரணுமே? வந்துச்சு. 1914-ல பாம்பன் பாலம் திறந்தப்புறம் மெட்ராஸ்ல ஏறினா தனுஷ்கோடி, அங்க இருந்து கப்பல்ல தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. மெட்ராஸ்ல இருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். எங்க தாத்தா கொழும்புல கடை வேலைக்கு அந்த வழியாத்தான் போனவர். ரயில் லேட்டானா கப்பல் நிக்கும்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கார். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு.

ஆனா ஒரே கையில எல்லாத்தையும் ஒப்படைக்குறது எல்லாருக்கும் சுகமா இருந்ததில்லை. அதே கடலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போன தொழிலாளிக்கும் எல்லா ஏற்பாடும் கங்காணி 'பேக்கேஜ்'தான். மண்டபம் முகாம்ல தங்கல் உட்பட. வழிச்செலவெல்லாம் கணக்குல ஏறி, வேலையில சேரும்போதே கடனாளி. யார் ஏற்பாடு பண்றான்னு பார்த்தா மட்டும் போதாது, கணக்கு யார் கையில இருக்குன்னும் பார்க்கணும்.

சரி, விமானத்துக்கு வருவோம். 1958 அக்டோபர்ல பான் ஆம் கம்பெனியோட போயிங் 707 நியூயார்க் – பாரிஸ் பறந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டுறதுக்குக் கப்பல் அநாவசியம்னு ஆகிப் போச்சு. பல கம்பெனி மூடுச்சு. பிழைச்சவங்க விமானத்தையே கூட்டாளி ஆக்கிக்கிட்டாங்க. ஆளு கப்பலைத் தேடிக் குளிர்ல நியூயார்க் வர்றதுக்குப் பதிலா, வெயில் அடிக்குற மயாமியில கப்பலை நிறுத்திட்டு ஆளைப் பறந்து வரச் சொல்லலாமே! 1966 டிசம்பர்ல க்ளோஸ்டரும் டெட் ஆரிசனும் சேர்ந்து 'சன்வர்ட்' கப்பலை மயாமியில இருந்து ஓட்டினாங்க. 1970-ல ராயல் கரீபியனோட முதல் கப்பல். 1972-ல ஆரிசன் தனியா ஆரம்பிச்ச கார்னிவலோட முதல் கப்பல் 'மார்டி க்ரா', கன்னிப் பயணத்துலயே மயாமி வாசல்ல தரை தட்டி நின்னுச்சு. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.

அப்போ அமெரிக்காவுல விமானக் கட்டணத்தை அரசு வாரியம்தான் நிர்ணயிச்சுது. தனி ஆள் எங்க தேடினாலும் ஒரே விலைதான். ஆனா தரையிலோ கப்பல்லயோ முன்பணம் கட்டின டூரோட சேர்த்து வாங்கினா சலுகைக் கட்டணம் உண்டு. அதனால விமானம் + கப்பல்னு மொத்தமா வாங்கினவனுக்கு அந்தக் காலத்துல நிஜமாவே லாபம். '(கப்பல்காரன்கிட்டயே வாங்கு, அதான் சல்லிசு'ன்னு இன்னிக்கும் சில பெரியவங்க சொல்றது அந்தக் காலத்து ஞாபகம்.)

1978 அக்டோபர்ல அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிச் சட்டம் வந்தது. விலை தாறுமாறா ஏறி இறங்க ஆரம்பிச்சுது. 1980-கள்ல கப்பல் கம்பெனிங்க 'விமானம் இலவசம்'னு விளம்பரம் குடுத்தாங்க. நம்ம வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டப்போ வெள்ளைக்காரக் கம்பெனி ஓசிப் பயணத்தோட குடையும் குடுத்ததாச் சொல்வாங்களே, தூத்துக்குடிக்காரனுக்கு இலவசம்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். விமான விலை கப்பல் விலைக்குள்ளயே ஒளிஞ்சிருந்தது. 1996-ல எக்ஸ்பீடியாவும் டிராவலாசிட்டியும் வந்தாங்க. ஏஜென்ட் திரையில மட்டும் தெரிஞ்ச விலை என் திரையிலயும் தெரிய ஆரம்பிச்சுது. கப்பல் விலை தனி, விமான விலை தனின்னு பிரிஞ்சுது. என்னை மாதிரி புத்திசாலிகள் பெருகினோம்.

அப்போ ஒரே கூடைதான் பத்திரமா? அதுவும் இல்லை. பிரிட்டன்ல 1974 ஆகஸ்ட்ல கோர்ட் லைன்ங்குற விமான, டூர் கம்பெனி கவிழ்ந்து, பல்லாயிரம் பேர் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டாங்க. 2001 செப்டம்பர் 25-ம் தேதி ரினைசன்ஸ் க்ரூஸஸ் திவால். எட்டு ஒரே மாதிரிக் கப்பல், விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்தே விக்குறதுதான் அவங்க பாணி. கூடை உடைஞ்சப்போ உள்ள இருந்த எல்லா முட்டையும் போச்சு. அந்தத் தாமஸ் குக்கே 2019 செப்டம்பர் 23-ம் தேதி கவிழ்ந்தது. (இந்தியாவுல இருக்குற தாமஸ் குக் வேற கம்பெனி, பயப்படாதீங்க.) வெளிநாட்டுல இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டிஷ் அரசு விமானம் அமர்த்தித் திருப்பிக் கொண்டாந்தது. இன்னும் கிளம்பாதவங்கள்ல பேக்கேஜா வாங்கியிருந்தவங்களுக்கு 'அட்டோல்'ங்குற பாதுகாப்பு ஏற்பாட்டுல பணம் திரும்புச்சு.

இங்கதான் முக்கியமான வித்தியாசம். ஐரோப்பாவுல 1990-லயும் 2015-லயும் வந்த பேக்கேஜ் டூர் உத்தரவுகள்படி, விமானம், கப்பல், ஓட்டல் எல்லாம் ஒரே பேக்கேஜா வித்தா வித்தவன்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு. பிரிட்டன்லயும் இதே முறைதான். தனித்தனியா வாங்கினா அந்தக் குடை கிடையாது. அமெரிக்காவுல அவ்வளவு அகலமான குடை இல்லை. 1966-ல வந்த சட்டப்படி, கப்பல் ஓடாமப் போனா பயணிக்குத் திருப்பித் தரக் கம்பெனி பணத்துக்கு உத்தரவாதம் காட்டணும். நான் வேற இடத்துல போட்ட விமானமும் ஓட்டலும் அதுல வராது. கப்பல்காரங்க போட்டுக் குடுத்த விமானம் லேட்டானா அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்க ஏற்பாடு பண்ணுவாங்க. ஆனா கப்பல் நிக்கும்னு எழுதித் தர மாட்டாங்க.

ஏறினப்புறமும் இதே கதைதான். 2024 மார்ச்ல மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமே தீவுல 'நார்வீஜியன் டான்' கப்பல் பயணிகள் எட்டு பேர் தனியா ஏற்பாடு பண்ணின டூர்ல போய் லேட்டா திரும்பினாங்க. கப்பல் நிக்கலை. நாடு நாடாத் துரத்தி காம்பியாவுக்கு வந்தா, கடல் ஏற்றவற்றம் காரணமா கப்பல் அங்க ஒதுங்கலை. கடைசியில செனகல்ல போய்ப் பிடிச்சாங்க.

ஆக, என் தீர்ப்பு (நாட்டாமை சொம்போட வந்துட்டேன்): கப்பல்காரன் டிக்கெட்ல கூடுதலா வாங்குறது கவலைக்கான கூலி. அந்தக் கூலியைக் குடுக்காம மிச்சம் பிடிக்கலாம், தப்பே இல்லை. ஆனா கவலை காத்துல கரைஞ்சு போகாது, நம்ம தலைக்கு வந்துடும். அதைச் சமாளிக்க நமக்குன்னு இருக்குற ஒரே ஆயுதம் ஒரு நாள். முதல் நாளே போய்த் தங்குறது. நான் பண்ணின தப்பு தனியா புக் பண்ணது இல்லை. தனியா புக் பண்ணிட்டு, அந்த ஒரு நாளையும் மிச்சம் பிடிச்சது. ஓட்டல் 170 டாலர்னு வெச்சாலும் எனக்கு 350 டாலர் மிஞ்சியிருக்கும், கப்பலும் கிடைச்சிருக்கும்.

பனியும் புயலும் அதிகமான மாசமா, ரெண்டு மூணு விமானம் மாறணுமா, பாஷை தெரியாத ஊரா, வயசானவங்க தனியா போறாங்களா? கப்பல்காரங்ககிட்டயே குடுத்துடுங்க. நேர் விமானம் இருக்கு, முதல் நாள் போக முடியும், இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சுன்னா தாராளமா நீங்களே போடுங்க.

அப்பாவும் அம்மாவும் அடுத்த மாசம் மறுபடி வர்றாங்க. அதே மயாமி, அதே நாலு ராத்திரி. விமானம் நானேதான் போட்டிருக்கேன், முதல் நாள் காலையில. ஓட்டலும் போட்டாச்சு. போன வாரம் ஃபோன்ல பெருமையாச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, "ரெண்டு நாள் முந்தியே போயிருவமா?"ன்னார்.

போட்டுட்டேன் :-)

டிஸ்கி: கப்பலைக் கோட்டை விட்ட அனுபவம் இருக்குறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும் தனியா இல்லைன்னு கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.